கணினிக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்!

ஒரு நாள் மாலை எங்கள் வீட்டுக் கணினி திடீரென்று மௌன விரதம் பூண்டுவிட்டது. பொத்தானை அமுக்கினால் விசிறி ஒரு சுற்றுச் சுற்றும், நின்றுவிடும். திரையில் ஒன்றும் வராது. மறுபடி அமுக்கினால் மறுபடி ஒரு சுற்று. அவ்வளவுதான்!

"2012-ல் வாங்கியது. பதின்மூன்று வருஷம் உழைத்துவிட்டது, பாவம்! புதிசு வாங்கிக் கொள்ளலாம்" என்றார் என் கணவர். சொன்னதோடு நில்லாமல், கடைக்குப் போய் விலையும் விசாரித்துக்கொண்டு வந்தார். வந்தவர் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் மௌன விரதம்!

பெண்ணோ, பத்து நாளில் கல்லூரியில் ஒரு கட்டுரை கொடுத்தாக வேண்டும். பாதி எழுதியது அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதைவிட முக்கியம், என் மாமனாரின் சதாபிஷேகப் படங்கள் அத்தனையும் அதற்குள்தான். அவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமைதோறும் என் மாமியார் பேத்தியைக் கூப்பிட்டு, "தாத்தா படத்தைப் போடுடி" என்று சொல்லி, ஒரு தடவை பார்த்த பிறகுதான் விளக்கேற்றப் போவார். அந்த வெள்ளிக்கிழமை கணினியின் முன்னால் வந்து உட்கார்ந்தார். இருண்ட திரையைச் சற்று நேரம் பார்த்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கிழப் பெட்டி மூலையில் இருக்கக்கூடும். அது ஒரு நாள் படுத்துக்கொண்டால், "தூக்கிப் போடுங்கள்" என்று சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். எப்படிப் பிழைக்க வைப்பது என்று சொல்லத்தான் ஆளில்லை. ஆகையால் நான் பட்ட பாட்டையும் கற்ற பாடத்தையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

அந்தப் பெட்டி முழுவதையுமே 'சி.பி.யு.' என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஒரு கூட்டுக் குடும்பம். கணக்குப் போடுவது பிராஸஸர். கைவேலைக்கு வேண்டியதை அவ்வப்போது எடுத்து வைத்துக்கொள்வது ரேம். எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி வைக்கும் பரண், ஹார்டு டிஸ்க். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைப் பக்குவப்படுத்தி, 12, 5, 3.3 என்று பிரித்துக் கொடுப்பது எஸ்.எம்.பி.எஸ். என்னும் இரும்புப் பெட்டி. இத்தனை பேரையும் தன் மேல் தாங்கிக்கொண்டு, ஒருவர் சொல்வதை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லி, குடும்பத்தை நடத்துவதுதான் மதர்போர்டு. 'தாய்ப் பலகை' என்று பெயர் வைத்தவர் விஷயம் தெரிந்தவர்தான்!

இதில் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. மதர்போர்டு போய்விட்டால் படங்களும் கட்டுரைகளும் போய்விட்டதாக அர்த்தமில்லை. அவை ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. அதைக் கழற்றி, தனி மின்சார அடாப்டருடன் வரும் ஸாட்டா - யு.எஸ்.பி. கேபிள் ஒன்றின் மூலம் வேறொரு கணினியில் இணைத்தால், டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறவரை எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். முதல் வேலையாக நாங்கள் செய்தது அதுதான். எதிர் வீட்டுப் பையன் என்ஜினீயரிங் படிக்கிறான். அவனுடைய மடிக்கணினியில் தாத்தாவின் படங்கள் ஒவ்வொன்றாக எழும்பியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. நீங்களும் இதையே முதலில் செய்யுங்கள். மற்ற யோசனையெல்லாம் அப்புறம்.

குற்றவாளி யார்?

ரசத்தில் உப்புக் கூடினால் உடனே ஈயச் சொம்பை மாற்றுவோமா? அது போல, கணினி ஓடவில்லை என்றதும் மதர்போர்டின் மேல் பழி போடக் கூடாது. சந்தேகப்பட வேண்டியவர்கள் வரிசையாக இருக்கிறார்கள்.

எதைத் தொடுவதற்கு முன்னும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் வெறும் இரும்பை ஒரு முறை தொடுங்கள். உடம்பில் தேங்கியிருக்கும் நிலை மின்சாரம் அதோடு போய்விடும். பிறகு ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டி, மறுபடி 'டக்' என்று சத்தம் வரும்படி பொருத்துங்கள். பல கணினிகள் இந்த ஒரு சிகிச்சையிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும்! தேதியும் மணியும் அடிக்கடி மாறிப் போனால், போர்டின் மேல் வட்டமாக இருக்கும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பாட்டரியை மாற்றினால் போதும். அதற்குப் பிறகு எஸ்.எம்.பி.எஸ். தெரிந்தவர்களிடமிருந்து நல்லதாக ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்க்கலாம். அல்லது மீட்டர் வைத்து அளக்கச் சொல்லலாம். 12 வோல்ட் கம்பியில் 11.4-க்குக் கீழும் 12.6-க்கு மேலும் போகக் கூடாது. அந்த இரும்புப் பெட்டியை மாத்திரம் வீட்டில் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

எங்கள் வீட்டில் இவை எல்லாம் நிரபராதிகள் என்று தீர்ப்பாயிற்று. பையன் டார்ச் விளக்கை அடித்து, "இங்கே பாருங்கோ மாமி" என்றான். மதர்போர்டில் பிராஸஸருக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன உருளைகள் வரிசையாக நின்றன. அவற்றில் நாலைந்தின் தலை, பூரி மாதிரி உப்பியிருந்தது. ஒன்றின் உச்சியில் பழுப்பாகக் கசிந்துமிருந்தது.

"இதுதான் கெப்பாஸிட்டர். இது உப்பினால் போர்டு அவ்வளவுதான்" என்றான்.

ஐந்து பொருத்தங்கள்

மறுநாளே என் கணவர் கடைக்குப் போய், பளபளவென்று ஒரு மதர்போர்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பையன் பெட்டியைப் பார்த்தான், எங்கள் பிராஸஸரைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். எங்களுடையது 'எல்.ஜி.ஏ. 1155' என்ற சாக்கெட்டில் உட்காருவது. வந்திருப்பதோ 1150! "ஐந்துதானே வித்தியாசம்?" என்றார் இவர். ஐந்து கம்பி குறைந்தாலும் அது வேறு குலம், வேறு கோத்திரம். பிராஸஸரின் ஓரத்தில் உள்ள வெட்டு, அந்தச் சாக்கெட்டில் பொருந்தவே பொருந்தாது. கடைக்காரர் இருநூறு ரூபாய் பிடித்துக்கொண்டுதான் திரும்ப வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோமே, கணினிக்கு ஐந்தாவது பார்க்க வேண்டாமா? குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, சாக்கெட் பொருத்தம். பழைய பிராஸஸர் எந்தச் சாக்கெட்டுக்கு உரியதோ, அதே சாக்கெட்தான் போர்டில் இருக்க வேண்டும். இன்டெலில் 2011-ல் வந்தது 1155, 2013-ல் 1150, 2015-ல் 1151. ஏ.எம்.டி.யில் 2016-ல் வந்த ஏ.எம்.4 பல வருஷங்கள் நிலைத்து நின்றது.

இரண்டாவது, சிப்செட் பொருத்தம். சாக்கெட் ஒன்றாக இருந்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 1151 சாக்கெட்டில் இன்டெலின் 6, 7-ஆம் தலைமுறைப் பிராஸஸர்களும் உட்காரும். 2017-ல் வந்த 8-ஆம் தலைமுறையும் உட்காரும். ஆனால் 8-ஆம் தலைமுறைக்கு 300 வரிசைச் சிப்செட் உள்ள போர்டுதான் வேண்டும். ஒரே ஊர்க்காரர்கள்தான், ஆனாலும் சம்பந்தம் கூடாது! சில போர்டுகள், பிந்தி வந்த பிராஸஸரை ஏற்றுக்கொள்ள 'பயாஸ்' என்னும் உள் நிரலைப் புதுப்பிக்கச் சொல்லும். எச் 61 சிப்செட் உள்ள பழைய போர்டுகளில் 2012-ல் வந்த 3-ஆம் தலைமுறைப் பிராஸஸரைப் போட்டவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். ஒவ்வொரு நல்ல கம்பெனியும் தன் போர்டு எந்தெந்தப் பிராஸஸரை ஏற்கும் என்று பட்டியல் வெளியிட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் உங்கள் பிராஸஸரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் ஜாதகம்.

மூன்றாவது, ரேம் பொருத்தம். டி.டி.ஆர்.3 என்பது 1.5 வோல்ட்டில் ஓடுவது, டி.டி.ஆர்.4 என்பது 1.2 வோல்ட். ஒன்றின் இடத்தில் இன்னொன்று நுழையாதபடி வெட்டை வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். பழைய ரேமை உபயோகிக்க உத்தேசமானால், அதற்குரிய போர்டையே கேளுங்கள்.

நான்காவது, அளவுப் பொருத்தம். பெரிய ஏ.டி.எக்ஸ். போர்டு 305-க்கு 244 மில்லிமீட்டர். மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244-க்கு 244. சின்னக் கேபினெட்டில் பெரியது நுழையாது. பெரிய கம்பெனிகள் முழுக் கணினியாகவே விற்ற ஆபீஸ் டெஸ்க்டாப் உங்களுடையதானால் இன்னும் ஜாக்கிரதை! அவற்றில் பலவற்றுக்கு ஆணித் துளையும் மின்சார இணைப்பும் தனி மாதிரி. அதே மாடலுக்குரிய போர்டைத் தேடுவதுதான் உத்தமம்.

ஐந்தாவது, இணைப்புப் பொருத்தம். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து 24 முனைக் கம்பியும், பிராஸஸருக்கென்று 4 அல்லது 8 முனைக் கம்பியும் வருகின்றனவா, உங்கள் பழைய திரைக்கு வேண்டிய வி.ஜி.ஏ. வாய் போர்டில் இருக்கிறதா, ஹார்டு டிஸ்க்குகளுக்குப் போதுமான ஸாட்டா வாய்கள் உண்டா என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

உடம்பு எப்படி?

பொருத்தம் பார்த்தாயிற்று. ஆரோக்கியம் பார்க்க வேண்டாமா? இத்தனை பழைய சாக்கெட்டுக்குப் பெயர் பெற்ற கம்பெனியின் புதுப் போர்டு கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் கைமாறியதைத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

கெப்பாஸிட்டரைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. ஏறக்குறைய 1999-லிருந்து 2007 வரை, தைவானில் சில கம்பெனிகள் செய்த கெப்பாஸிட்டர்களுக்குள் இருந்த திரவம் சரியாகத் தயாரிக்கப்படவில்லை. உள்ளே வாயு சேர்ந்து, தலை உப்பி, வெடித்துக் கசிந்து, உலகம் முழுவதும் எண்ணற்ற போர்டுகள் செத்தன. பெரிய பெரிய பெயர்களும் தப்பவில்லை. அதற்குப் பிறகுதான் திரவத்துக்குப் பதில் கெட்டியான பாலிமர் வைத்த 'ஸாலிட் கெப்பாஸிட்டர்' பிரபலமாயிற்று. அடையாளம் சுலபம். தலையில் எக்ஸ் அல்லது கே வடிவத்தில் கீறல் இருந்தால் பெரும்பாலும் திரவ ஜாதி. கீறலில்லாமல் மொழுமொழுவென்று தட்டையாக, வெள்ளி நிறத்தில் குட்டையாக இருந்தால் ஸாலிட். பிராஸஸரைச் சுற்றியாவது ஸாலிட் வைத்த போர்டாகப் பார்த்து வாங்குங்கள்.

நல்ல கெப்பாஸிட்டருக்கும் சூடு ஆகாது. எளிய கணக்கு ஒன்று சொல்கிறேன். சாதாரண திரவக் கெப்பாஸிட்டருக்கு 105 டிகிரிச் சூட்டில் 2,000 மணி ஆயுள் என்று வைத்துக்கொள்வோம். சூடு பத்துப் பத்து டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிக்கும் என்பது என்ஜினீயர்களின் வாய்ப்பாடு. 75 டிகிரியில் 16,000 மணி. 65 டிகிரியில் 32,000 மணி. தினம் ஐந்து மணி நேரம் ஓடும் கணினிக்கு முதல் கணக்கில் ஒன்பது வருஷங்கூட முழுசாக வராது. இரண்டாவதில் பதினேழரை வருஷம்! எங்கள் பெட்டியை நான் சுவரோடு ஒட்டி, மேலே ஒரு பூப்போட்ட துணியும் போர்த்தி வைத்திருந்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆயுளைக் குறைத்தவள் நான்தான் என்று இப்போது தெரிகிறது!

அடுத்தது சாக்கெட். இந்த இன்டெல் போர்டுகளில் கம்பிகள் பிராஸஸரில் இல்லை; போர்டில்தான் இருக்கின்றன. 1155 என்றால் 1155 கம்பிகள், ஒவ்வொன்றும் மயிரிழை. மூடியைத் திறக்கச் சொல்லி, செல்போன் விளக்கைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். வரிசை கோலப் புள்ளி மாதிரி ஒரே சீராக மின்ன வேண்டும். ஓரிடத்தில் ஒளி தப்பினால் கம்பி வளைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் போர்டு வேண்டாம். மூடியே இல்லாமல் மேஜையில் குவித்து வைத்திருந்தால் அந்தக் கடையே வேண்டாம்.

யு.எஸ்.பி. வாயிலும் ஆணித் துளையிலும் பச்சை பூத்திருக்கிறதா, எங்காவது கருகிய தடம் உண்டா, புதிதாக ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்று செம்பைச் சும்மா விடுவதில்லை.

2011 ஆரம்பத்தில் வந்த போர்டானால் இன்னொன்றும் கேளுங்கள். அந்த வருஷம் ஜனவரி 31-ஆம் தேதி இன்டெல் கம்பெனியே தன் 6-வது வரிசைச் சிப்செட்டில் பிழை இருப்பதாக அறிவித்தது. ஹார்டு டிஸ்க் இணைக்கும் சில வாய்கள் நாளாவட்டத்தில் தளர்ந்துபோகக்கூடும் என்பது குற்றம். திருத்தியதைப் 'பி3' என்ற அடையாளத்துடன் வெளியிட்டார்கள். பி 67, எச் 67 போர்டுகளில் அந்தப் பி3 இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

எங்கே, எப்படி வாங்குவது?

சென்னையில் ரிச்சி தெரு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, மும்பையில் லாமிங்டன் ரோடு. கூட்டத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். புடவைக் கடையில் முப்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, நூலைப் பிரித்துப் பார்க்கும் நமக்கா கடைத் தெரு புதிது?

வீட்டிலிருந்து கிளம்பும்போதே உங்கள் பிராஸஸரையும் ரேமையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு போங்கள். போர்டில் அவற்றை மாட்டி, கண்ணெதிரே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எல்லா ரேம் துளைகளிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். யு.எஸ்.பி. வாய் ஒவ்வொன்றிலும் பென் டிரைவைச் செருகிப் பார்க்க வேண்டும். பாட்டு ஒன்று போட்டுச் சத்தமும் கேளுங்கள். பதினைந்து நிமிஷம் ஓடட்டும். சூடேறிய பிறகு நின்றுவிடும் போர்டுகள் முதல் ஐந்து நிமிஷம் பரம சாதுவாகத்தான் இருக்கும்.

"புதிது, பெட்டி பிரிக்காதது" என்று கேள்விப்படாத பெயரில் மலிவாகக் கிடைப்பதும் உண்டு. அவற்றில் சில, செத்த போர்டுகளிலிருந்து சிப்செட்டைக் கழற்றிப் புதுப் பலகையில் வைத்துச் செய்தவை. எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயாஸ் புதுப்பிக்க இணையதளமும், கெட்டால் கேட்க முகவரியும் இல்லாத போர்டுக்கு, உப்பாத கெப்பாஸிட்டருடன் நன்றாக ஓடும் பழைய போர்டே மேல். எதுவானாலும் பில் வாங்குங்கள். எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

எப்போது வேண்டாம் என்று சொல்வது?

பழசைக் காப்பாற்றுவதிலும் ஒரு கணக்கு வேண்டும். போர்டோடு பிராஸஸரும் ரேமும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மாற்ற வேண்டியிருந்தால், அது ரிப்பேர் அல்ல. தவணை முறையில் புதுக் கணினி! அப்போது நேராகப் புதிய காலத்துப் போர்டுக்கே போவது லாபம். பெயர் பெற்ற கம்பெனிகளின் புதுப் போர்டுகளுக்கு நம் நாட்டில் பெரும்பாலும் மூன்று வருஷ வாரண்டியும் உண்டு.

விண்டோஸ் விஷயத்தையும் மறக்கக் கூடாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாப்ட் அளித்த வழக்கமான பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ, பொதுவாக இன்டெலின் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். எங்கள் கிழவருக்கு அந்த யோக்கியதை இல்லை. வங்கிக் கணக்கைக் கணினியில் பார்க்கிற வீடானால் இதைக் கட்டாயம் யோசியுங்கள். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இத்தகைய கணினிகளில் நன்றாகவே ஓடுகிறது. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் கூட அதில் ஒரு வகை.

முடிவில் நாங்கள் செய்தது என்ன? பிராஸஸர், ரேம், எஸ்.எம்.பி.எஸ். மூன்றும் நன்றாக இருந்தன. ஆகையால் போர்டு மட்டும் மாற்றுவது என்று தீர்மானித்தோம். பி 75 சிப்செட் உள்ள, ஸாலிட் கெப்பாஸிட்டர் வைத்த பழைய போர்டு ஒன்று மூன்றாவது கடையில் கிடைத்தது. அதன் பட்டியலில் எங்கள் ஐ3-2120 பிராஸஸரின் பெயர் இருந்தது. பழைய ஹார்டு டிஸ்க்கோடு சின்னதாக ஒரு எஸ்.எஸ்.டி.யும் வாங்கிப் போட்டு, அதில் லினக்ஸை வைத்தோம். முன்னே காபி கலந்து ஆற்றிக் குடித்து முடிக்கிற வரையில் யோசித்துக்கொண்டிருந்த கணினி, இப்போது டிகாக்ஷனில் பால் விடுவதற்குள் எழுந்துவிடுகிறது!

இப்போது அது சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. பூப்போட்ட துணி மேஜை விரிப்பாகிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுகிறேன். மின்சாரம் போய்ப் போய் வரும் வீடாகையால் ஒரு யு.பி.எஸ். வாங்கி வைத்தோம். படங்களுக்கு இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை நாத்தனார் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன்.

பெண் கட்டுரையைக் கெடுவுக்கு முதல் நாள் கொடுத்துவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, நான் ஒன்றும் சொல்லாமலே கணினியைப் போட்டு, மாமனாரின் படத்தைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தினேன். மாமியார் வந்தார். உட்கார்ந்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இந்தப் படம் இத்தனை தெளிவா முன்னே தெரியலையே!" என்றார்.

படம் அதேதான். திரையும் அதேதான். நான் மறுத்துச் சொல்லவில்லை. அவர் எழுந்து விளக்கேற்றப் போனார்.